மண்ணுக்கும் தாருக்கும் ஒரே வண்டி

அத்தியாயம் 6: நடுத்தர டூயல் ஸ்போர்ட் பைக் வாங்கலாமா?

புதுச்சேரியின் சேதராப்பட்டில் குடியிருந்து பைக் வாங்க நினைப்பவருக்கு ஊரே பாதிச் சோதனைக் களம். தொழிற்பேட்டைக்குள் கனரக லாரிகள் உழுதுவிட்ட உள்சாலை. மயிலம் பக்கம் நீளும் தார்ச்சாலை. ஊசுட்டேரியை ஒட்டிப் பத்துக்கண்ணுக்கு இறங்கும் பாதை. திருவக்கரைப் பக்கம் திரும்பினால் கல்குவாரி டிப்பர்கள் வழியெல்லாம் சிந்திய ஜல்லி. வானூர்ப் பக்கம் மழைக்குக் குழைந்து வெயிலுக்குப் புழுதியாகும் செம்மண். காலையில் கிளம்பி ஒரு சுற்று வந்தால் டிபனுக்குள் இத்தனையையும் பார்த்துவிடலாம்.

அதனால்தான் இந்தப் பக்கத்தில் "ஹிமாலயன் எடுக்கலாமா, எக்ஸ்பல்ஸ் எடுக்கலாமா" என்ற பேச்சு டீக்கடையில் அடிக்கடி காதில் விழுகிறது. பேச்சு பெரும்பாலும் லடாக்கில் ஆரம்பித்து லடாக்கிலேயே முடிந்துவிடும். லடாக்குக்குப் போகிறவர் பத்தாண்டில் ஒரு முறை போவார்; பத்துக்கண்ணுக்குத் தினமும் போவார். இந்த அத்தியாயம் பத்துக்கண்ணுக்குப் போகிறவருக்கானது.

இது என்ன வகை வண்டி?

பதிவு எண், விளக்கு, கண்ணாடி எல்லாம் இருக்கும். சட்டப்படி சாலையில் ஓட்டலாம். அதே வண்டியை மண்பாதையிலும் தயங்காமல் இறக்கலாம். இதுதான் டூயல் ஸ்போர்ட். யமஹா 1968-இல் கொண்டுவந்த 246 சிசி டிடி-1 இந்த வகையை உலகச் சந்தையில் பிரபலமாக்கியது. நம் நாட்டில் 2011-இல் ஹீரோ இம்பல்ஸ் வந்தது. 150 சிசி எஞ்சின் அந்த உயரமான உடம்புக்குப் போதவில்லை என்ற பேச்சோடு ஓய்ந்துபோனது. 2016-இல் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411 வந்தபிறகுதான் சாதாரணக் குடும்பஸ்தர்களும் இந்த வகையைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நிறுவனத்தின் ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகள் இங்கிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில்தான் இருக்கின்றன. பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ் வண்டியைச் செய்ததும் ஓசூரில் உள்ள டிவிஎஸ். பெயரில் இமயமலையும் ஜெர்மனியும் இருந்தாலும் வண்டி நம் பக்கத்தில் பிறந்ததுதான்.

கண்ணால் அடையாளம் காண நான்கு குறிகள் உண்டு: பெரிய முன்சக்கரம், நீளமான ஷாக், வயிறு தரையிலிருந்து நன்றாக எழும்பி நிற்பது, அகலமான ஹேண்டில்பார். நடுத்தரம் என்று நான் சொல்வது சுமார் 200 முதல் 450 சிசி வரை உள்ளவற்றை. அடிக்கடி பேச்சில் வரும் நான்கு வண்டிகளின் அளவு இதோ:

- ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி: 199.6 சிசி, சீட் உயரம் 825 மி.மீ.; எடை 160 கிலோவுக்குச் சற்றுக் குறைவு; முன்சக்கரம் 21 அங்குலம்.
- ஹிமாலயன் 411 (இப்போது பழைய வண்டியாக மட்டும்): 24.5 குதிரைத்திறன், சீட் 800 மி.மீ.; பிஎஸ்-6 வண்டி 199 கிலோ; முன்சக்கரம் 21 அங்குலம்; டேங்க் 15 லிட்டர்.
- ஹிமாலயன் 450 (2023 நவம்பர் முதல்): 452 சிசி, சுமார் 40 குதிரைத்திறன், சீட் 825 மி.மீ.; 196 கிலோ; முன்சக்கரம் 21 அங்குலம்; டேங்க் 17 லிட்டர்.
- கேடிஎம் 390 அட்வென்ச்சர் (2020-இல் வந்த மாடல்): 373 சிசி, 43 குதிரைத்திறன், சீட் 855 மி.மீ.; முன்சக்கரம் 19 அங்குலம்.

குதிரைத்திறனைத்தான் எல்லோரும் முதலில் படிப்பார்கள். சீட் உயரத்தையும் எடையையும் முதலில் படியுங்கள் என்பது என் வேண்டுகோள். காரணம் கீழே வரும்.

வாங்கினால் என்ன கிடைக்கும்?

முதல் லாபம் குழி. சிறிய சக்கரம் குழிக்குள் இறங்கி ஏறும். 21 அங்குலச் சக்கரம் அதே குழியின் விளிம்பைச் சாய்வாகத் தொட்டுக் கடந்துவிடும். ஹிமாலயனின் முன்ஷாக் 200 மி.மீ. வரை அமுங்கும். வேலைக்குப் போய்வரும் சாதாரண பைக்கில் ஏறக்குறைய இதில் பாதிதான். தொழிற்பேட்டைச் சாலையில் மாலை ஷிப்ட் விட்ட நேரத்தில், எதிரே லாரி விளக்கு கண்ணைக் கூச, கண்ணுக்குத் தெரியாத ஒரு குழியில் இறங்கும்போது இந்த வித்தியாசம் இடுப்புக்குத் தெரியும். முதுகுவலியோடு நாற்பதைத் தாண்டியவர்கள் இந்த வண்டியைத் தேடுவதற்கு இதுவே பெரிய காரணம்.

இரண்டாவது, உட்காரும் நிலை. முதுகு நிமிர்ந்திருக்கும், முட்டி அதிகம் மடங்காது, கை அகலமாக விரிந்திருக்கும். முன்னால் போகும் காரின் கூரையைத் தாண்டிப் பார்க்கலாம். கெட்ட இடத்தில் எழுந்து நின்றபடி ஓட்டலாம். ஃபுட்ரெஸ்ட் நேராகக் காலுக்குக் கீழே இருப்பதால் இது சர்க்கஸ் வேலையாக இருக்காது.

மூன்றாவது, தூரம். லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர் சுமாராகக் கிடைத்தால், பதினைந்து லிட்டர் டேங்கில் சேதராப்பட்டிலிருந்து செஞ்சிக்கோட்டை போய்த் திரும்பி, மறுநாள் மாமல்லபுரமும் போய்வரலாம். புதுச்சேரியில் பெட்ரோல் தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு; பெரிய டேங்க் உள்ளவருக்கு அந்தச் சில ரூபாய் பெருகும்.

நான்காவது, அடி தாங்கும் குணம். கீழே எஞ்சின் கார்டு, கையைக் காக்கும் ஹேண்ட் கார்டு, வளைந்தாலும் நிமிர்த்திக்கொள்ளக்கூடிய கம்பி வீல். நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்தால், பிளாஸ்டிக் போர்வை போர்த்திய ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு ஆகிற செலவு இதற்கு ஆகாது.

என்ன இழப்பு?

உயரம். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நில்லுங்கள். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கவட்டில் மேலே முட்டும்வரை இடுக்கிக்கொண்டு, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவு 76 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 825 மி.மீ. சீட்டில் உட்கார்ந்தால், நீங்கள் ஏறியதும் ஷாக் அமுங்கும் அளவைக் கழித்தாலும், இரு கால்களின் நுனிவிரல்தான் தரையைத் தொடும். ஷோரூமின் சமதளத்தில் அது ஒன்றும் தெரியாது. ஒதுங்கச் சொல்லி டிப்பர் ஹாரன் அடிக்க, சாலையோரச் சரிவில் ஒரு காலை ஊன்றும்போது, தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே நான்கு விரற்கடை பள்ளம் இருந்தால் கால் காற்றில் தேடும். இருநூறு கிலோ அந்தப் பக்கம் சாயும். இந்த வண்டிகள் ஓடும்போது விழுவதைவிட நிற்கும்போது விழுவதே அதிகம். சோதனை ஓட்டத்தில் வேகம் பார்க்காதீர்கள். ஒரு சரிவில் நிறுத்தி, இறங்கி, ஏறிப் பாருங்கள்.

எடை. விழுந்த வண்டியைத் தூக்க ஒரு முறை இருக்கிறது. எஞ்சினை அணையுங்கள். கியரில் போட்டுவிடுங்கள், உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை இழுத்துவிடுங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டிச் சீட்டில் குந்தியபடி, ஒரு கையால் ஹேண்டில் பிடியையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, இடுப்பை வளைக்காமல் காலால் உந்திப் பின்னோக்கி நடங்கள். வாங்குவதற்கு முன் நண்பரின் வண்டியைப் புல்தரையில் சாய்த்து ஒரு முறை தூக்கிப் பாருங்கள். முடியவில்லை என்றால் எக்ஸ்பல்ஸ் போன்ற நாற்பது கிலோ குறைந்த வண்டிக்குப் போங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பஞ்சர். இதை அனுபவமாகவே சொல்லிவிடுகிறேன். ஒரு பௌர்ணமி மாலை திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயிலிலிருந்து திரும்பும் வழியில் பின்சக்கரம் தள்ளாட ஆரம்பித்தது. குவாரி லாரிகளுக்கு டயர் போடும் ஒரு கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"ட்யூப்லெஸ்தானே அண்ணா?"

"இல்ல தம்பி, ட்யூப்."

"சென்டர் ஸ்டாண்டு இருக்கா?"

அதுவும் இல்லை. தம்பி ஒரு கருங்கல்லைத் தூக்கி வந்து எஞ்சின் கார்டுக்கு அடியில் முட்டுக்கொடுத்தார். டயரைப் பிரித்தால் ட்யூப் வால்வு ஓரத்தில் கிழிந்திருந்தது, ஒட்டுப்போட வழியில்லை. என் பையில் இருந்தது முன்சக்கரத்து 21 அங்குல ட்யூப். "முன் ட்யூபைப் பின்னால போட்டா நிக்குமாண்ணா?" என்று சிரித்தார். மடித்துத் திணித்துக் காற்று ஏற்றினார், நின்றது. நாற்பதுக்கு மேல் போகாமல் வீடு வந்து சேர்ந்தேன். மறுநாளே சரியான ட்யூப் மாற்றிவிட்டேன்.

இதில் மூன்று பாடம் இருக்கிறது. கம்பி வீல் என்றால் பெரும்பாலும் ட்யூப்; ஆணி ஏறினால் காற்று ஒரே மூச்சில் போய்விடும். 21 அங்குல ட்யூப் எல்லாப் பஞ்சர் கடையிலும் கிடைக்காது. ஒரே ஒரு உபரி ட்யூப் வைத்திருப்பதானால் முன்சக்கரத்துடையதை வையுங்கள். அவசரத்துக்கு அது பின்னால் நுழையும், பின்னால் உள்ளது முன்னால் நுழையாது. ஹிமாலயன் 450-க்கு ட்யூப்லெஸ் கம்பி வீல் பிற்பாடு வந்தது. கூடுதல் விலை கொடுத்தாவது அதை எடுப்பது, விலை கூடிய சைலன்சர் மாட்டுவதைவிடப் புத்திசாலித்தனம்.

பின்சீட். வீட்டில் கேட்காமல் வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். புடவை கட்டி ஒருபக்கமாக உட்காருபவருக்கு இந்த உயரம் ஏறுவதே பாடு. ஏறியபின் எடை முழுவதும் ஒரு பக்கமாக உயரத்தில் நிற்பதால் மெதுவாகத் திரும்பும்போது வண்டி இழுக்கும். சேலை கார்டும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் சட்டப்படி இருக்க வேண்டியவை, தோற்றத்துக்காகக் கழற்றாதீர்கள். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடப் பிள்ளை என்று முன்னால் வைத்துப் போகிற வேலை எதற்கும் இது ஆகாது. அந்த வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டரோ எக்ஸ்எல்லோ கூடவே வேண்டியிருக்கும். அதன் செலவையும் இந்த வண்டியின் கணக்கில் எழுதுங்கள்.

350 என்ற கோடு

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள பைக்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு மேல் 40 சதவீதம். அடிப்படை விலை 2 லட்சம் என்றால் கோட்டுக்கு இந்தப் பக்கம் வரி 36,000 ரூபாய், அந்தப் பக்கம் 80,000. இன்சூரன்சிலும் அதே கோடுதான். 2022 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, புது பைக்குக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய். 350-ஐத் தாண்டினால் 15,117. கூடுதல் குதிரைத்திறனுக்கு வண்டி விலையில் ஒரு முறை, வரியில் ஒரு முறை, காப்பீட்டில் ஒரு முறை எனக் காசு கொடுக்கிறோம். தினமும் அறுபதில் போகிறவர் இதை யோசிக்க வேண்டும். வாரம் ஒரு முறை சென்னைக்கு நாற்கரச் சாலையில் நூறில் போகிறவருக்கு அந்தக் காசு பொருத்தமே.

அடுத்தது, பதிவு எண் பிஒய்யா (புதுச்சேரி), டிஎன்னா (தமிழ்நாடு) என்ற கேள்வி. நம் ஊரை ஒட்டியே விழுப்புரம் மாவட்டம். பால் வாங்கப் போனாலும் மாநில எல்லை குறுக்கிடும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு ஆயுள் வரி 12 சதவீதம். புதுச்சேரியில் செலவு குறைவு. அதனால் உறவினர் முகவரியைக் கொடுத்துப் பிஒய் எண் வாங்கித் திண்டிவனத்தில் ஓட்டுகிறவர்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். மிச்சம் பிடித்த வரியை அபராதத்தோடு கட்டுவதைவிட, குடியிருக்கும் ஊரிலேயே பதிவு செய்வது நல்லது.

செம்மண்ணும் மழையும்

செம்மண் புழுதி செயினில் ஒட்டினால் அரம்போலத் தேய்க்கும். செயின் லூப் அடித்த கையோடு புழுதியில் இறங்காதீர்கள். இரவில் அடித்து, காலையில் உபரியைத் துணியால் துடையுங்கள். மண்பாதை அதிகம் என்றால் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை செயினைச் சுத்தம் செய்யுங்கள். ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் சொன்ன காலத்துக்கு முன்பே திறந்து பாருங்கள். ரேடியேட்டர் உள்ள வண்டியானால் அதன் மடிப்புகளில் காய்ந்த சேற்றைத் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ்காரர் வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய மடிப்புகள் படுத்துவிடும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதுபோன்ற நாளில் உயரமான வண்டி வைத்திருப்பவருக்கு ஒரு வீண் தைரியம் வரும். அளவுகோல் எளிது: நின்ற தண்ணீர் சக்கரத்தின் நடு அச்சைத் தொட்டால் திரும்பிவிடுங்கள், ஓடுகிற தண்ணீர் என்றால் கணுக்கால் அளவே அதிகம். நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்றுபோனால் ஸ்டார்ட் பட்டனை அழுத்தவே கூடாது. உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு வந்து பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே மற்றது.

மண்ணில் இறங்குமுன் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி சில வண்டிகளில் உண்டு. தாருக்கு ஏறியதும் அது திரும்ப வேலைசெய்கிறதா என்று பாருங்கள். ஜல்லி சிந்திய வளைவில் முன் பிரேக்கை விரல்நுனியால் மட்டும் தொடுங்கள். பட்டன் டயர் மாட்டினால் சேற்றில் பிடிக்கும். ஈரத் தாரில் வழுக்கும், சீக்கிரம் தேயும். பாதிக்கு மேல் தார் என்றால் கம்பெனி டயரே போதும்.

பழைய வண்டியாக எடுத்தால்

இந்த வகையில் பழைய வண்டி இரண்டு விதம்: மலைக்குப் போய் வதைபட்டது ஒன்று, ஆசைக்கு வாங்கி வீட்டில் தூங்கியது ஒன்று. இரண்டாவதைத் தேடுங்கள். பார்க்க வேண்டியவை:

- ஸ்போக்ஸ் கம்பிகளை ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். "ணிங்" என்று ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். "டொக்" என்றால் தளர்ந்த கம்பி. வரிசையாக நான்கைந்து தளர்ந்திருந்தால் ரிம் அடி வாங்கியது.
- முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன் செட் போய்விட்டது.
- ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு, எஞ்சின் கார்டின் அடியில் ஆழக் கீறல், ஸ்ப்ராக்கெட் பற்கள் கொக்கிபோல வளைந்திருத்தல்: மூன்றும் விலையைக் குறைக்கக் காரணங்கள்.
- தமிழ்நாட்டு வண்டியானால் தடையில்லாச் சான்று, கடன் நீக்கிய ஆவணம் இரண்டும் கைக்கு வந்தபிறகு பணம் கொடுங்கள்.

போக முடியும் என்பதற்காகப் போகாதீர்கள்

ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். அதன் கரையும் வற்றிய ஏரிப்படுகையும் பைக் ஓட்டும் மைதானமாகக் கூடாது. திருவக்கரைக் கல்மரப் பூங்கா, இரண்டு கோடி ஆண்டு பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் இடம். புவியியல் ஆய்வுத் துறை காத்துவரும் நிலம். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து பாருங்கள். ஆரோவில் காட்டுப்பாதைகள் ஐம்பதாண்டு உழைப்பில் வெட்டவெளியாயிருந்த செம்மண்ணை மரமாக்கிய இடங்கள். ஒரு மழைக்காலத்தில் டயர் போட்ட தடம் அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும்.

ஏழு நாள் கணக்கு

முடிவெடுக்குமுன் ஒரு வாரம் இப்போதுள்ள வண்டியிலேயே ஒரு சின்ன நோட்டை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் நான்கு எண் எழுதுங்கள்: மொத்தக் கிலோமீட்டர், அதில் கெட்ட சாலை எவ்வளவு, பின்னால் ஆள் ஏறியது எத்தனை முறை, சாமான் ஏற்றியது எத்தனை முறை.

கெட்ட சாலை பத்தில் ஒரு பங்குக்குக் கீழே, பின்னால் தினமும் ஆள் என்றால் இந்த வண்டி வேண்டாம். நல்ல சீட்டுள்ள 125 போதும். கெட்ட சாலை பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, பயணம் பெரும்பாலும் தனியே, வேகம் எழுபதுக்குள் என்றால் 200 சிசி இலகு வண்டி. கெட்ட சாலையும் உண்டு, மாதம் ஒருமுறையாவது முந்நூறு கிலோமீட்டரும் உண்டு, வீட்டில் இன்னொரு வண்டியும் உண்டு என்றால் 400 சிசி பக்கம் போகலாம்.

நான் எழுதிய வாரத்தில் மொத்தம் 186 கிலோமீட்டர்; அதில் கெட்டது 22. கணக்குப்படி எனக்கு 200 சிசியே போதும் என்று வந்தது. நான் வாங்கியதோ பெரியது. அந்த வித்தியாசத்துக்குக் கொடுத்த பணத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் "ஆசை" என்ற தலைப்பில் எழுதிவைத்திருக்கிறேன். ஆசைக்குச் செலவு செய்யலாம், தவறில்லை. அதைத் தேவை என்ற பத்தியில் எழுதாமல் இருந்தால் சரி.